ஆலை தந்த கிணறும் ஊரார் கட்டிய பூவும்

பன்னிரண்டு வரி எழுதுவதற்காகக் கடல் கடந்தேன். மதுரையிலுள்ள நூலாலை ஒன்று, கொட்டாம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்குக் குடிநீர்க் கிணறு வெட்டிக் கொடுக்கப் போகிறதாம். அக்கிணற்றருகே நாட்டப்படும் கல்லில் பிறமொழி கலவாத தமிழில் பன்னிரண்டு வரி வேண்டுமாம். ஈப்போவில் நான் ஆற்றிய சொற்பொழிவொன்றை அவ்வாலையின் முதலாளி கேட்டிருந்தாராம். ஆகையால் நானே வந்து எழுத வேண்டும் என்று மடல் சொன்னது. வானூர்திச் சீட்டும் உடன் வந்திருந்தது.

"பன்னிரண்டு வரியை அஞ்சலில் அனுப்பினால் ஆகாதா?" என்று என் மனைவி கேட்டார். விடை தெரியாமலேயே பெட்டியை அடுக்கினேன்.

முதலாளிகளின் கொடைமீது எனக்குள்ள ஐயத்துக்கு நெடிய வரலாறு உண்டு. நான் பேரா மாநிலத்து இரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தவன். எங்கள் தோட்டத்துக் கோயிலைக் கட்டித் தந்தது வெள்ளைக்காரக் கும்பினி. கூலி உயர்வு கேட்டுத் தொடங்கிய வேலைநிறுத்தம் முறிந்த மறுகிழமை, தொழிலாளர் வரிசைவீடுகளான எங்கள் லயத்துக்குக் கும்பினியின் அன்பளிப்பாக ஒரு வானொலிப் பெட்டி வந்தது. அன்று மாலை எல்லாரும் அதைச் சூழ்ந்து அமர்ந்து பாட்டுக் கேட்டார்கள். என் தந்தையார் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். அறுபத்தேழு வயதிலும் நான் அந்தச் சாத்திய கதவுக்கு உட்புறத்தில்தான் அமர்ந்திருக்கிறேன்.

முதல் நாள் காலை ஆலையின் விருந்தினர் இல்லத்தில் ஆறு வகைச் சிற்றுண்டி வைத்தார்கள். ஈப்போவில் நாங்கள் இட்டலி என்று உண்பது இந்த இட்டலிக்குத் தூரத்து உறவு. அவ்வளவு மென்மை. ஆயினும் ஒரு கிழவனுக்கு ஆறு வகை எதற்கு? நான் உண்டு முடிக்கும் வரை ஒருவர் பின்னால் நின்று பனையோலை விசிறியால் விசிறினார். தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. இதையும் ஐயங்களுக்கென்று வைத்திருந்த குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

ஆலையின் நல அலுவலர் சுந்தரராசன் வந்தார். நாற்பது வயதிருக்கும். பேச்சில் மூன்று சொல்லுக்கு ஒன்று ஆங்கிலம். என்னிடம் மட்டும் திக்கித் திணறித் தனித்தமிழ் பேச முயன்றார்.

"அய்யா, முதலில் கல்லைப் பார்த்துவிடுவோம்."

"கிணற்றை?"

"கிணறு இன்னும் வெட்டலிங்கய்யா. கல்லு ரெடி."

அழகர்கோயில் சாலையில் ஒரு கல்தச்சரின் பட்டறையில் அது கிடந்தது. ஆறடிக் கல், கண்ணாடிபோல் இழைத்திருந்தார்கள். உச்சியில் ஆலையின் முத்திரை. நடுவில் வெறுமை. கீழே வலப்புற மூலையில், "செந்தமிழ்ப் புலவர்" என்னும் அடையோடு என் பெயர் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது.

"எழுத வேண்டியதை விட்டுவிட்டு எழுதுபவன் பெயரை முதலில் வெட்டிவிட்டீர்களே?" என்றேன்.

கல்தச்சர் உளியைத் துடைத்தார். "பேர மொதல்ல வெட்டிட்டா ஆளு வராமப் போகமாட்டாகன்னு ஆபீசரு சொன்னாருங்க."

சுந்தரராசன் தொண்டையைச் செருமினார். நான் குனிந்து என் பெயரின்மீது விரலை ஓட்டினேன். இரண்டு முறை ஓட்டினேன். முதல் முறை எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. இரண்டாம் முறை எதற்கென்று அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

அன்று மாலை நகருக்குள் நடந்தேன். தெருமுனையில் ஒருவர் தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்றார். பருத்தி விதையை அரைத்துப் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் இட்டுக் காய்ச்சியது. தொண்டை வழியே இறங்கும்போது உடம்பே ஒரு முறை இளகுகிறது. பஞ்சை ஆலைக்கும் விதையைத் தெருவுக்கும் கொடுத்துவிட்டு எதையும் வீணாக்காத ஊர் இது.

"எந்த மில்லுக்கு வந்திருக்கீக?" என்று கேட்டார். சொன்னேன். "அதா? நல்ல மில்லுய்யா. தீவாளிக்கு வேட்டி குடுப்பாக. இப்பக் கெணறெல்லாம் வெட்டுறாகளாமே."

"ஏன் கொடுக்கிறார்கள்?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "குடுக்குறதுக்கு என்னய்யா ஏன்? குடுக்கலைன்னாத்தான ஏன்னு கேக்கணும்!"

குவளையை ஒழித்துவிட்டுக் காசை எடுத்துக் கொடுத்தேன்.

இல்லத்துக்குத் திரும்பியபோது கூடத்தில் சுந்தரராசன் தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். என் காதில் விழுந்ததைத் தமிழில் தருகிறேன்: "ஆம் ஐயா, கல் நெடுஞ்சாலையைப் பார்த்தபடி நிற்கும். ஒளிப்படக்காரர் வரும்போது நீர் பாய்ந்துகொண்டிருக்கும். ஊர்க்காரர்களா? அவர்கள் வழிக்கு வந்துவிடுவார்கள்." வழிக்கு வருவார்களாம். அதற்குக் குறிப்பேட்டில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினேன்.

மறுநாள் ஞாயிறு. கிணறு வரப்போகும் இடத்திலிருந்து ஊருக்குள் குழாய் பதிப்பதற்கான வாய்க்காலை ஆலைத் தொழிலாளர்களே ஞாயிறுதோறும் வந்து, கூலியின்றி வெட்டுகிறார்களாம். அவர்களோடு ஆலைப் பேருந்தில் ஏறினேன். மேலூர் தாண்டியதும் பொறி நின்றுபோயிற்று. நாற்பது பேரும் இறங்கித் தள்ளினார்கள். நான் என் பையை மட்டும் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

"மாப்ள, நல்லாத் தள்ளுடா! இதுக்கும் சேத்து ஒரு கல்லு வைக்கச் சொல்லுவோம்!"

"கல்லுல ஒம்பேரு எதுக்குடா? டயரு பேரத்தான் போடுவாக!"

வண்டி உறுமிக் கிளம்பியதும், விடுமுறை நாளில் ஏன் வருகிறீர்கள் என்று ஒவ்வொருவராக வினவினேன். "பேரு குடுக்கலைன்னா திங்கக்கெழம மேஸ்திரி மூஞ்சியில முழிக்க முடியாதுங்க" என்றார் ஒருவர். "மத்தியானம் பிரியாணிங்கய்யா" என்றார் அடுத்தவர். இவ்விரண்டையும் உடனே எழுதிக்கொண்டேன். மூன்றாமவர் நூற்புப் பிரிவில் இருபது ஆண்டு நின்றவர். அவர் சொன்னார்: "ஆறு நாளும் அறுந்த இழைக்கு முடி போடுறேன். அந்த நூலு எங்க போகுது, யாரு உடுத்துறா, ஒண்ணும் தெரியாது. இங்க வெட்டுன மண்ணு வெட்டுன எடத்துலயே கெடக்கு. அடுத்த வாரம் வந்தாலும் எங்கண்ணுல படும்."

இதை இல்லத்துக்குத் திரும்பிய பிறகுதான் எழுதினேன். ஐயத்துக்கு உதவாத விடைகளை என் கை மெதுவாகவே எழுதுகிறது.

எனக்கு அருகில் இருந்தவர் முத்துக்கருப்பன். ஆலையில் தொழிலாளர் வருகையைப் பதியும் எழுத்தர். கிணறு பெறும் சிற்றூரே அவருடைய ஊர். சென்ற கோடையில் நெடுஞ்சாலைக்கு அப்பாலுள்ள கிணற்றில் இடிபட்டு நீரெடுக்கையில் அவருடைய அண்ணன் மனைவி வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அந்த வேகத்தில் முத்துக்கருப்பன் ஆலைக்கு விண்ணப்பம் எழுதிவிட்டார். ஊர்க்கூட்டத்தைக் கேட்கவில்லை.

"கேட்டுட்டு எழுதியிருந்தா மூணு வருசம் பேசியிருப்பாகய்யா" என்றார்.

"கேளாமல் எழுதியதற்கு என்ன செய்தார்கள்?"

அவர் குரல் தாழ்ந்தது. "மாசிப் படையலுக்குத் தலைக்கட்டு வரின்னு வீட்டுக்கு இம்புட்டுன்னு வாங்குவாக. எல்லார்கிட்டயும் வாங்குனாக. எங்கிட்ட வாங்கல. நீட்டுன கை நீட்டுனபடியே நின்னுச்சு."

"வாங்காவிட்டால் என்ன?"

"நான் அந்த ஊருல இல்லைன்னு அர்த்தம். வார வெள்ளிக்கெழம படையல். அதுக்குள்ள வாங்கலைன்னா, நாளைக்கு எங்க வீட்டுல ஒரு நல்லது கெட்டதுன்னா வாசல்ல வந்து நிக்க ஒரு ஆளு இருக்காது."

வரி கட்டாமல் தப்பிப்போரை எங்கள் நாட்டில் பார்த்திருக்கிறேன். தன்னிடம் வரி வாங்க மாட்டார்களா என்று ஏங்கும் ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

ஊரில் எங்களை எதிர்கொள்ள ஒருவரும் வரவில்லை. வேலிகளுக்கு அப்பால் தலைகள் தெரிந்தன. தொழிலாளர்கள் மண்வெட்டியை எடுத்தார்கள். ஒரு நாழிகை சென்றதும், இடுப்பில் குடமும் கையில் செம்புமாக ஓர் அம்மையார் வந்தார். மணிக்கட்டு சற்றுக் கோணியிருந்தது. முத்துக்கருப்பனின் அண்ணியார் வெள்ளையம்மாள் இவர்தான் என்று விளங்கிற்று. சுந்தரராசன் ஆலையிலிருந்து கொணர்ந்த தண்ணீர்ப் பீப்பாயைத் திறந்துகொண்டிருந்தார்.

"அத மூடுங்க சார். எங்க எல்லைக்குள்ள வந்தவுகளுக்கு எங்க தண்ணிதேன்."

இரண்டு கல் தொலைவு நடந்து சுமந்த நீர். நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு வாய் வார்த்தார். எனக்கும் வார்த்தார், சற்று உவர்ப்பு. முத்துக்கருப்பன் முறை வந்தபோது செம்பைச் சாய்க்காமல் நின்றார். "கொழுந்தனாருக்கு என்னத்துக்கு? அவுகளுக்குத்தான் மில்லுத் தண்ணி இருக்கே!"

வேலிக்கு அப்பால் சிரிப்பொலி கேட்டது. முத்துக்கருப்பன் குனிந்து மண்ணை அள்ளினார். பெறும் ஊர் என்று பெயரெடுப்பதற்கு முன்பே கொடுத்த ஊர் என்று ஆகிவிட அந்த அம்மையார் விரைந்ததை எண்ணியபடி நான் வண்டியேறினேன்.

செவ்வாயன்று ஆலை வண்டியைத் தவிர்த்துத் தனியே பொதுப் பேருந்தில் சென்றேன். ஆலையின் நிழல் படாமல் ஊரைக் காண வேண்டும் என்பது என் கருத்து. என் காலருகே ஒரு கூடையில் இரண்டு கோழிகள் பயணம் செய்தன. நிறுத்தச் சொன்ன இடத்தில் வண்டி நிற்கவில்லை. "செத்த முன்னாடியே சொல்லணும் பெரியவரே!" என்று நடத்துநர் என்னையே கடிந்து, கொட்டாம்பட்டியில் கொண்டுபோய் இறக்கினார். வேர்க்கடலை விற்பவர் ஒருவர் துணையோடு வெயிலில் திரும்பி நடந்தேன். கோலாலம்பூர்ப் பேருந்துகள் நின்று இறக்கும். ஆனால் வழி காட்ட எவரும் உடன் நடப்பதில்லை.

முன்பே பேசிவைத்தபடி முத்துக்கருப்பன் விடுப்பெடுத்துக்கொண்டு காத்திருந்தார். ஊர்த்தலைவரை அங்கே அம்பலம் என்கிறார்கள். அவரிடம் என்னை அழைத்துச் சென்று, "மலேசியாத் தமிழ் வாத்தியாரு. நம்ம பக்கம் ஊரு பாக்க வந்திருக்காக" என்றார். நான் திருத்தவில்லை. அது பொய்யன்று. முழுமையும் அன்று.

அம்பலத்துக்கு என் வயது இருக்கும். கம்பங்கூழும் மோர்மிளகாயும் தந்தார். மோர்மிளகாயின் உறைப்பு காதுவரை ஏறியது. கூழ் அதை இறக்கி வைத்தது. "ஒங்க ஊருல கம்பெனி இருக்கா?" என்று கேட்டார். கோயிலையும் வானொலியையும் பற்றிச் சொன்னேன்.

"ரேடியோ பாடுச்சா?"

"பாடிற்று."

"பொறகு ஒங்கய்யா ஏன் கதவச் சாத்துனாரு?"

"கூலி கேட்ட வாய்க்குப் பாட்டுக் கொடுத்தார்கள் என்பதால்."

அவர் நெடுநேரம் தலையசைத்தார். பிறகு தம் மனத்திலிருந்ததைச் சொன்னார். ஊருக்கு வடக்கே மேட்டுநிலத்தை யாரோ ஒருவர் பெயரில் ஆலை வாங்கியிருக்கிறதாம். கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போடுகிறார்களாம். "கெணறு எங்களுக்குன்னா வேலி யாருக்கு? அம்புட்டு நல்லவுகளாவே இருக்கட்டும். நல்லவுகதான்னு எங்களுக்கு எப்புடித் தெரியும்? நம்ம பய வேற ஊரக் கேக்காம ஊர எழுதிக் குடுத்துட்டான். பாதிப்பேரு வேணுங்குறான், பாதிப்பேரு வேணாங்குறான். அதான் அய்யனாரு முன்னால பூக்கட்டிப் பாத்துருவோம்னு முடிவு."

வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் செம்பூவை மற்றோர் இலையிலும் மடித்துக் கட்டிச் சாமிமுன் வைப்பார்கள். ஒரு பொட்டலத்தை எடுக்கச் செய்வார்கள். வெள்ளை வந்தால் கிணற்றை ஏற்பது; சிவப்பு வந்தால் மறுப்பது. வழக்கமாக ஒரு சிறு குழந்தை எடுக்கும்.

"இந்தத் தடவ எந்தப் புள்ளையச் சொன்னாலும், அது இன்னார் வீட்டுப் புள்ளைன்னு சண்டைக்கு வாராக. நீங்க கடல் தாண்டி வந்தவுக. எந்தப் பக்கமும் இல்லாதவுக. வெள்ளிக்கெழமக் காலையில வந்து எடுத்துக் குடுங்கய்யா."

ஊரே என் கையை நம்பப் போகிறது என்னும் மகிழ்ச்சியில் உடனே இசைந்தேன். முத்துக்கருப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் பேருந்தில், மேலூர் நெருங்குகையில்தான் உறைத்தது. நான் எந்தப் பக்கமும் இல்லாதவனா? ஆலை தந்த சீட்டில் வந்து, ஆலை தந்த கட்டிலில் உறங்கி, ஆலையின் கல்லில் பெயர் கொண்டவன். மடியிலிருந்த வேர்க்கடலையை உண்ண முடியவில்லை. முன்னிருக்கைக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

வியாழனன்று சுந்தரராசன் வந்தார். ஊருக்குச் சென்று வந்திருக்கிறார், எல்லாம் அறிந்திருக்கிறார்.

"வெள்ளைக்கு மல்லிகை வைப்பாங்களாம் அய்யா. எத்தனை இலையில மடிச்சாலும் மல்லி மணக்கும். அவ்வளவுதான் நான் சொல்வேன்."

"இது ஏமாற்று" என்றேன்.

அவர் சினப்பார் என்று எதிர்பார்த்தேன். சினந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மாறாக நாற்காலியில் தளர்ந்து அமர்ந்தார். "பதினாலு வருசமா வேலை பாக்குறேன் அய்யா. யாரைச் சேக்கணும், யாரை நிறுத்தணும்னு தாள் எழுதுறதுதான் என் வேலை. வீட்டுல போய்ப் பெருமையாச் சொன்னது இந்தக் கிணறு ஒண்ணுதான். எங்க அப்பா கிணறு வெட்டுறாருன்னு எம்பொண்ணு ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கா. முதலாளிக்கு வரியில சலுகை வேணும், படம் வேணும். எனக்குத் தண்ணி வரணும். அந்தப் பொம்பளைங்க வெயில்ல குடம் தூக்கிட்டு ரோட்டைத் தாண்டுறத நான் பாத்தவன். நல்லதுக்குத்தானே அய்யா? ஒரு மோந்து பாக்குறதுல என்ன வந்துரும்?"

நான் இந்த ஊரில் ஒரு வஞ்சகரைத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்தவரோ உண்மையாகவே நல்லது செய்ய விழைபவர். வஞ்சகரிடம் நாம் விழிப்பாக இருப்போம். நல்லது செய்கிறோம் என்று நம்புகிறவரோ, அந்த நல்லதன் பேரில் தமக்குச் சிறு சலுகைகளைத் தாமே வழங்கிக்கொள்கிறார். நமக்கும் பங்கு தருகிறார். அன்று பிற்பகல் பன்னிரண்டு வரியையும் எழுதி முடித்தேன். தடையின்றி ஓடி வந்தன. அவ்வளவு எளிதாக வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அய்யனார் கோயில் முன் ஊர் கூடியிருந்தது. வரி கொடுத்த குடும்பத்தலைவர்கள் வரிசையாக நின்றார்கள். முத்துக்கருப்பன் கோயிலின் எல்லைக்கல்லுக்கு வெளியே, வெயிலில் நின்றார். பூசாரி ஒரு தட்டில், வாழைநாரால் கட்டிய இரண்டு ஆலிலைப் பொட்டலங்களைக் கொணர்ந்து வைத்தார். ஒன்றுபோல் மற்றொன்று.

"எடுங்கய்யா" என்றார் அம்பலம்.

குனிந்தேன். கையை நீட்டும் முன்பே என் மூக்கு, என்னைக் கேளாமலே, மோந்து பார்த்தது. ஆலிலையின் பச்சை வாடை; சூடத்தின் வாடை; மல்லிகை இல்லை. அந்த ஒரு நொடியில் நான் நாணியதுபோல் வாழ்நாளில் நாணியதில்லை. முப்பத்தைந்து ஆண்டு மாணவர்களுக்கு நேர்மை கற்பித்த மூக்கு!

கையை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். "நான் எந்தப் பக்கமும் இல்லாதவன் அல்லேன்" என்றேன். "ஆலையின் விருந்தாளி. என் பயணச் செலவு ஆலையுடையது. கிணற்றடியில் நாட்டும் கல்லுக்கு வரிகள் எழுதவே வந்தேன். அக்கல்லில் என் பெயர் முன்னரே வெட்டப்பட்டிருக்கிறது. இப்போதுகூட மல்லிகை மணக்கிறதா என்று மோந்து பார்த்தேன். இப்பூவை நான் எடுத்தல் முறையன்று."

கூட்டத்திலிருந்து ஒரு குரல் சீறியது: "பொய் சொல்லித்தானடா கூட்டியாந்த, முத்துக்கருப்பா!" முத்துக்கருப்பன் முகம் வெளிறிற்று. அவரைக் காப்பதாக எண்ணி நான் வாய் திறக்குமுன், பெண்கள் பக்கத்திலிருந்து வெள்ளையம்மாள் சிரித்தார்.

"யாருக்குத் தெரியாது? ஞாயித்துக்கெழம மில்லு வண்டியிலருந்து பையத் தூக்கிக்கிட்டு எறங்குனத ஊரே பாத்துச்சு. நாந்தான தண்ணி ஊத்துனேன்! மம்பட்டியத் தொடாத ஆளு இவுக ஒருத்தருதேன்!"

கூட்டம் சிரித்தது. நான் அம்பலத்தைப் பார்த்தேன். "தெரிந்துமா என்னை எடுக்கச் சொன்னீர்கள்?"

"தெரிஞ்சுதான். அந்தாபீசரு புதங்கெழம வந்து, வெள்ளைக்கு என்ன பூ வப்பீகன்னு பூசாரிகிட்ட நைசாக் கேட்டாரு. மல்லின்னு சொல்லிவிட்டோம். வச்சது நந்தியாவட்டை." அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "நீங்க பேசாம எடுத்திருந்தா, வெள்ளையே வந்திருந்தாலும் தண்ணி வேணாம்னுதான் சொல்லியிருப்போம். மில்லு எப்புடின்னு பாக்க எங்களுக்கு வேற வழி இல்லய்யா. மில்லு அனுப்புன ஆளத்தான் பாக்க முடியும்."

"இனி யார் எடுப்பது?"

"நீங்கதேன். எந்தப் பக்கமும் இல்லாத ஆளுன்னு எங்கய்யா இருக்கான்? நான் இன்ன பக்கம்னு வாயத் தொறந்து சொல்ற ஆளு போதும். எடுங்க."

கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தேன். பூசாரி நாரை அவிழ்த்தார். நந்தியாவட்டை. குலவையொலி எழுந்தது.

அம்பலம் உடனே கட்டளைகளைச் சொல்லத் தொடங்கினார். கிணறு ஊர்ப் பொதுநிலத்தில்தான் வெட்ட வேண்டும். பூட்டும் சாவியும் ஊரிடம். கல் வேண்டாம். பிறகு தலைக்கட்டு வரிக் கணக்கு எழுதும் முதியவரை நோக்கித் தலையசைத்தார். அவர் பெயர்களை வரிசையாகப் படித்தார். இறுதியில், சற்றே நிறுத்தி, "முத்துக்கருப்பன் தலைக்கட்டு" என்றார்.

முத்துக்கருப்பன் எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே வந்தார். மடியிலிருந்த பணத்தை எடுத்து நீட்டினார். முதியவர் வாங்கி, மடித்து, இடுப்பில் செருகினார். அவ்வளவுதான். அதற்குள் அந்த மனிதர் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

"கொழுந்தனாரே," என்றார் வெள்ளையம்மாள், "அடுத்த தடவ கெணறு வேணும்னா மொதல்ல வீட்டுல கேளுங்க!" பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தக் கல்லு எம்புட்டு நீளம்?"

"ஆறடி."

"வழவழன்னு இருக்குமா?"

"கண்ணாடிபோல் இருக்கும்."

"அப்பக் கொண்டாரச் சொல்லுங்க. நட்டு வைக்க வேணாம். கெணத்தடியில படுக்கப் போட்டாத் தொவைக்க ஆகும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் கடைசியாகச் சிரித்தவன் நான்தான்.

மறுநாள் இதை ஒரு சொல்லும் மாற்றாமல் சுந்தரராசனிடம் ஒப்பித்தேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "கல்லு இல்லாட்டி முதலாளி ஒத்துக்க மாட்டாரே" என்றார். பிறகு தொலைபேசியை எடுத்தார். ஆங்கிலத்தில் அவர் பேசியது இது: "மகிழ்ச்சியான செய்தி ஐயா. ஊரார் கிணற்றையும் ஏற்றார்கள், கல்லையும் ஏற்றார்கள். ஆம், நீருக்கு மிக அருகில் வைக்கப் போகிறார்கள். நாள்தோறும் பயன்படும் இடத்தில். இல்லை ஐயா, எழுத்து வேண்டாம் என்கிறார்கள்; எளிமையை விரும்பும் மக்கள்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஏமாற்று என்று இம்முறை நான் சொல்லவில்லை. பன்னிரண்டு வரியையும் பெட்டியின் அடியில் வைத்து ஊர் திரும்பினேன்.

ஐந்து திங்கள் கழித்து முத்துக்கருப்பனின் நீலநிற வான்மடல் வந்தது. கிணற்றில் நல்ல நீர் ஊறிவிட்டது. ஒளிப்படக்காரர் வந்து போனார். வடக்கே கம்பி வேலி முடிந்துவிட்டது. உள்ளே என்ன வரப்போகிறது என்று எவருக்கும் தெரியவில்லை. அம்பலம் நாள்தோறும் அந்தப் பக்கம் ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு வருகிறாராம். மடலின் கீழ் மூலையில், இடம் போதாமல் நெருக்கி எழுதியிருந்தார்:

"கல்லைப் போட்டாகிவிட்டது அய்யா. வழவழப்பாக இருப்பதால் துணி நழுவுகிறதாம். ஆனால் தங்கள் பெயர் வெட்டியிருக்கும் மூலையில் மட்டும் சொரசொரவென்று பிடிமானம் இருப்பதால் அழுக்கு நன்றாகப் போகிறதாம். காலையில் அந்த மூலைக்குத்தான் போட்டி. வெள்ளையம்மாள் மதினி இதைத் தங்களுக்கு எழுதச் சொன்னார்கள்."

என் மனைவி இருமுறை படித்துவிட்டுச் சிரித்தார். நான் ஒருமுறைதான் படித்தேன். பிறகு, எவரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மடலின் அந்த மூலையின்மீது விரலை ஓட்டினேன்.